மூலவர் ஃப்ளாக், உற்சவர் எம்பி3

மனித நாகரிகத்தின் சிகரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அறிஞர்கள் நைல் நதிக்கரை, சிந்து சமவெளி என்று எங்கெங்கோ கையைக் காட்டுவார்கள். பாவம், அவர்கள் அபிராமபுரம் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், அங்கே ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில், கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள், நீல விளக்கு மினுக்க அந்தச் சிகரம் உட்கார்ந்திருப்பதைத் தரிசித்திருப்பார்கள். பெட்டியின் உரிமையாளர் திருவாளர் குருபிரசாத். தரமணியில் ஒரு கணினி நிறுவனத்தில் ‘தகவல் இழப்புத் தடுப்பு’ப் பிரிவுக்குத் துணைத் தலைவர். ஆபீசில் யாருடைய தகவலும் தொலையாமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். வீட்டில் சங்கீதம் தொலையாமல் பார்த்துக்கொள்வது அவர் எடுத்த பிறவியின் பயன்.

விஷயம் தெரியாத பாமரர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கணினியில் பாட்டை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஃப்ளாக் என்பது ஒன்று. பதிவில் இருந்த ஒலி துளிகூடக் குறையாமல் அப்படியே இருக்கும். ஏகப்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். எம்பி3 என்பது மற்றொன்று. காதுக்கு எட்டாது என்று தோன்றியதையெல்லாம் கழித்துக்கட்டி, ஆளைச் சிறுக்க வைத்து, போனிலும் சட்டைப்பை ப்ளேயரிலும் ஆயிரக்கணக்கில் அடைத்துவிடலாம். சாதாரண ஜனங்கள் இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுக் குழப்பி, பாட்டையும் கேட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். இந்த நாடு உருப்படாததற்கு அதுதான் காரணம் என்பது குருபிரசாத்தின் கருத்து.

அவருக்கு ஞானம் பிறந்தது மயிலாப்பூர் கோயிலில், பிரதோஷக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தபோது. கருவறையில் இருக்கும் மூலவர் அசைவதில்லை. உற்சவர்தான் வெளியே வந்து, மாட வீதியெல்லாம் சுற்றி, வெயிலும் புகையும் பட்டு, பத்திரமாகத் திரும்பிப் போகிறார். இதைவிடச் சிறந்த கோப்பு நிர்வாகத்தை எந்த அமெரிக்கக் கம்பெனி கண்டுபிடித்தது? அன்று வீடு திரும்பியதும், பாட்டுகளைச் சேமித்து வைக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியில் இரண்டு போல்டர்களைத் திறந்தார். ‘மூலவர்’ போல்டரில் ஃப்ளாக் மட்டும். ‘உற்சவர்’ போல்டரில், மூலவரிலிருந்து முறைப்படி எடுத்த எம்பி3 பிரதிகள். வெளியே போகும் உரிமை உற்சவருக்கு மட்டும்தான். அவருடைய ப்ளேயர், கார், மனைவி நீரஜாவின் போன் ஆகிய மூன்றும் உற்சவர் எழுந்தருளும் வாகனங்கள். மூலவரைக் குருபிரசாத்தே குளித்துவிட்டுத்தான் தொடுவார்.

“மூலவரை எப்போ சார் கேட்பீங்க?” என்று விவரம் புரியாதவர்கள் கேட்பதுண்டு.

“கேக்கறதாவது! அதுக்கெல்லாம் ரிட்டயர் ஆகணும்” என்பார். ஒவ்வொரு பாட்டிலும் முதல் பத்து விநாடியை மட்டும் தரப் பரிசோதனைக்காகக் கேட்டிருக்கிறார். தம்பூரா சுருதி சேர்வதற்குள் பரிசோதனை முடிந்துவிடும்.

இந்தத் தவத்தில் அவர் தனியாள் இல்லை. ‘தென்சென்னை இழப்பிலா இசைக் காப்புச் சங்கம்’ தி. நகரில் ஒரு ஓட்டலின் ஏசி ஹாலில் மாதந்தோறும் கூடுகிறது. தலைவர் அனந்தராமன், அடையாறுவாசி, ஓய்வுபெற்ற என்ஜினீயர். அவர் காது, பெசன்ட் நகர் கொசு எந்தச் சுருதியில் பாடுகிறது என்று அடையாறிலிருந்தே சொல்லும் என்று உறுப்பினர்கள் நம்புகிறார்கள். போன கூட்டத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொள்ள, ஒரே பாட்டு ஃப்ளாக்கில் ஒருமுறை, எம்பி3யில் ஒருமுறை ஒலித்தது. இரண்டாவதில்தான் வெண்கலத்தின் வாசனை வருகிறது, மிருதங்கத்தின் தோல் தெரிகிறது என்று எல்லோரும் உருகினார்கள். இரண்டாவதுதான் எம்பி3 என்று பிறகு தெரிந்தது. கண்ணை மூடிக் கேட்பது காதுக்குச் செய்யும் அவமரியாதை என்றும், இனிமேல் சோதனைகள் கண்ணைத் திறந்து, திரையில் கோப்பின் பெயரைப் பார்த்தபடிதான் நடைபெறும் என்றும் அப்போதே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு போண்டா வந்தது.

இவ்வளவு பெருமை படைத்த குருபிரசாத்துக்கு வீட்டில் ஒரே ஒரு குறை. நீரஜா பாடுவாள்.

சும்மா முணுமுணுக்கிற பாட்டு இல்லை. சின்ன வயதில் முறையாக, வருஷக்கணக்கில் கற்றுக்கொண்ட பாட்டு. கல்யாணம், குழந்தை, மாமனாரின் பக்கவாதம், பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்பு என்று ஒவ்வொன்றாக வந்து மேடையை மறைத்துவிட, பாட்டு சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ரசம் கொதிக்கும்போது ஒரு காம்போதி, இட்லி வேகும்போது ஒரு பெஹாக். இதுபற்றிக் குருபிரசாத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடு தெளிவானது. கோப்பு இல்லை, ஆகவே இது நிர்வாக வரம்புக்குள் வராது.

அந்த வருஷம் லஸ் பக்கத்துச் சபா ஒன்று புதுமையாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டிசம்பர் சீசனில், மத்தியான வேளையில், ‘ஐம்பதைக் கடந்த புதுமுகங்கள்’ பாடலாம். ஒரு பாட்டைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி. நீரஜாவுக்கு ஐம்பது முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. கீழ் வீட்டு ஆலிஸிடம் மட்டும் சொன்னாள். ஆலிஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; ஞாயிற்றுக்கிழமையானால் சாந்தோம் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள்.

“அக்கா, நீங்க அனுப்பலேன்னா நான் உங்ககிட்ட பேசவே மாட்டேன்” என்று ஆலிஸ் ஒற்றைக் காலில் நின்றாள்.

குருபிரசாத் தரமணிக்குப் போயிருந்த ஒரு நாள், நீரஜா போனைத் தண்ணீர் டம்ளரின்மேல் சாய்த்து வைத்து ஒரு சஹானா பாடினாள். அவளுக்கே ஆச்சரியம். குரல் கேட்டதையெல்லாம் கொடுத்தது. பாடி முடித்ததும் சந்தோஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். உடனே அனுப்பியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு விளக்கேற்றிவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்பது குருபிரசாத்துக்கும் தெரியும். வாரந்தோறும் அன்றைக்குத்தான் அவர் வீட்டிலிருந்து வேலை செய்வார். ராகு காலத்துக்கு முன்னால், குளித்து, விபூதி பூசி, ‘அபிஷேகம்’ நடத்துவார். அதாவது ப்ளேயரையும் நீரஜாவின் போனையும் கறுப்புப் பெட்டியில் இணைப்பார். புதிய உற்சவர்கள் போனில் ஏறுவார்கள். மூலவர் இல்லாத உற்சவர் யாராவது போனில் இருந்தால் அவர் போலி, நீக்கப்படுவார். பாட்டு பதிவு செய்யும் செயலி நீரஜாவின் சஹானாவைத் தானாகவே ‘இசை’ என்ற போல்டரில் சேர்த்திருந்தது. அதை இசை என்று நினைத்துவிட்டது அந்தச் செயலியின் பிழை.

திரையில் எழுத்து வந்தது. ‘மூலவர் இல்லாத உற்சவர் ஒருவர் காணப்படுகிறார். விசர்ஜனம் செய்யலாமா?’ அந்த வாசகத்தை எழுதியவரே குருபிரசாத்தான். ‘ஆம்’ என்ற இடத்தை அழுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் நீரஜா விளக்கேற்றிவிட்டுப் போனை எடுத்தாள். திருப்பித் திருப்பித் தேடினாள்.

“ஏன்னா, என் போன்ல ஒரு பாட்டு இருந்துதே. காணுமே?”

“எந்தப் பாட்டு?”

“சஹானா. நான் பாடினது.”

“அதுக்கு மூலவர் இருக்காரா?”

“பாடினதே நான்தான். நான்தான் மூலவர்.”

“நீ எந்த போல்டர்ல இருக்கே?” என்று குருபிரசாத் நியாயமாகக் கேட்டார்.

நீரஜா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சபா, அறிவிப்பு, சாயங்காலம் என்று எல்லாம் வெளியே வந்தது. குருபிரசாத் கல்நெஞ்சர் அல்ல. மனைவியின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. உடனே அனந்தராமனுக்குப் போன் போட்டார். தொலைபேசி வழியே சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது.

“கவலையே படாதே. சாயங்காலத்துக்குள்ள உன் சஹானாவுக்கு மூலவரையே பிரதிஷ்டை பண்ணிடறோம்” என்று குருபிரசாத் மனைவியிடம் அறிவித்தார்.

“எதுக்குன்னா? போன்லயே திரும்பப் பாடி அனுப்பிடறேன்.”

“போன்லயா? பொறக்கும்போதே உற்சவரா பொறக்கற பாட்டு அநாதைடி. என் ஆத்துலேர்ந்து அப்படி ஒரு பாட்டு வெளில போனா, நாளைக்கு நான் தி. நகர்ல தலை காட்ட முடியுமா?”

‘என் ஆத்துலேர்ந்து’ என்று அவர் சொன்னது நீரஜாவுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. முதன்முறையாக அவள் பாட்டு நிர்வாக வரம்புக்குள் வருகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஏற்பாடுகள் போர்க்கால அடிப்படையில் தொடங்கின. படுக்கையறை கருவறையாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மெத்தைகள் சுவரில் சாத்தப்பட்டன. ஜன்னல் இடுக்குகளில் போர்வை. பட்டு எதிரொலியைக் குடித்துவிடும் என்று அனந்தராமன் சொன்னதால் பீரோ திறந்து வைக்கப்பட்டது. நீரஜா தன் கல்யாணப் புடவையைப் பார்த்துப் பாட வேண்டும். ஏசி, மின்விசிறி நிறுத்தம். பிரிட்ஜின் உறுமல் கேட்கும் என்பதால் பிரிட்ஜும் நிறுத்தம். மைக்கிலிருந்து ஒரு வயர் கதவுக்கடியில் புகுந்து ஹாலில் இருந்த லேப்டாப்புக்குப் போனது. அங்கே குருபிரசாத், ஹெட்போனும் விபூதியுமாக.

மாடிப்படியில் நின்று வாட்ச்மேன் புகழேந்தியைக் கூப்பிட்டார்.

“புகழ், தண்ணி மோட்டாரை நிறுத்து. லிப்டையும் நிறுத்து.”

“இன்னா சார் சொல்றீங்க? மூணாவது மாடி மாமி முட்டி வலியோட கீழ நின்னுக்கினு கீறாங்க.”

“உக்காரச் சொல்லு. முக்கியமான ரெக்கார்டிங் நடக்கப்போறது.”

“கேட்டாண்ட நாய் ஒண்ணு கீது சார். அது கொலைக்கும்.”

“அதுகிட்டயும் சொல்லி வை.”

“சரி சார்” என்று புகழேந்தி நாயிடம் போனான். ஆலிஸுக்கு, குக்கர் வைக்க வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை போனது. பள்ளி விடுமுறை நாளில் மனிதர்கள் சாப்பிட வேண்டியிருக்கிறது சார் என்று ஆலிஸ் பதில் அனுப்பினாள். அதைக் குருபிரசாத் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

நீரஜா பாட ஆரம்பித்தாள். பல்லவி முதல் வரிகூட முடியவில்லை, கதவு தட்டப்பட்டது.

“வளையல் சத்தம்.”

வளையலைக் கழற்றினாள். திரும்பப் பாடினாள். கதவு தட்டப்பட்டது.

“ஏதோ கிணுகிணுங்கறதே. கழுத்துல என்ன?”

“திருமாங்கல்யம்.”

குருபிரசாத் யோசித்தார். போனில் இருந்த அனந்தராமனும் யோசித்தார். ஒலிநயமா, பரம்பரையா என்ற இந்த நுட்பமான பிரச்சினையில் இரண்டுக்கும் பாதகமில்லாத ஒரு முடிவு எட்டப்பட்டது. குருபிரசாத் பிளாஸ்திரி கொண்டுவந்து தாலியை மனைவியின் கழுத்தோடு ஒட்டினார். நீரஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி பாட்டு. மறுபடி தட்டல். குயில் கூவிவிட்டது. மறுபடி பாட்டு. வியர்வை சொட்டித் தரையில் விழுந்த சத்தம் பதிவாகிவிட்டது. குரல் கம்மத் தொடங்கியிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

“ஏன்னா, சாயங்காலம் ஆயிடும்னா. வந்தவரைக்கும் அனுப்பிடலாமே.”

“இரு. அனந்தராமன் சார் ஒண்ணு சொல்றார்.”

போனிலிருந்து அனந்தராமனின் குரல் கனிவாக வந்தது. “நீரஜாம்மா, பிரமாதம். உங்க குரல்ல தப்பே இல்லை. ஆனா வரிக்கு நடுவுல மூச்சு எடுக்கறேளே, அது தெளிவா விழறது. மூச்சு விடாம பாடிப் பார்க்கலாமோ?”

“மூச்சு விடாம நான் இருந்துடலாம் மாமா. பாட முடியாது” என்றாள் நீரஜா.

இந்த யோசனையை இருவரும் சீர்தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் குருபிரசாத் ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தார். பாட்டுக்கு முன்னால் அறையின் தூய அமைதியைப் பதிவு செய்துகொண்டால், பிறகு மற்ற அசுத்தங்களைக் கணினியே கழித்துவிடும்.

“நான் கதவைத் தட்டற வரைக்கும் அசையாதே. பேசாதே. நீ உள்ள இருக்கறதே மைக்குக்குத் தெரியப்படாது. புரியறதா?”

“புரியறது” என்றாள் நீரஜா. அவளுக்கு உண்மையாகவே புரிந்துவிட்டது.

வரலாற்றின் நேர்மை கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துக் கட்டடம் அல்லவா, படுக்கையறைக்குப் பின்பக்கமாக ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் கீழே இறங்கும் இரும்புப் படி. நீரஜா கழுத்துப் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டாள். போனை எடுத்துக்கொண்டு, செருப்பில்லாமல், சத்தமில்லாமல் இறங்கிப் போனாள்.

ஹாலில் குருபிரசாத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிமானியின் பச்சைக் கோடு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. வளையல் இல்லை. மூச்சு இல்லை. புடவை சரசரப்புகூட இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நீரஜா இவ்வளவு ஒத்துழைத்து அவர் பார்த்ததே இல்லை. அவருக்குக் கண் கலங்கியது. கதவைத் தட்ட வேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை. இந்த அமைதியைக் கலைக்க எந்த ரசிகனுக்கு மனசு வரும்?

அப்போதுதான் அந்த அசுத்தம் வந்தது. எங்கோ கீழேயிருந்து, தரை வழியாக, நூல் இழையாய் ஒரு குரல். மைக் அவ்வளவு உசத்தியானது, எதையும் விடாது. பச்சைக் கோடு நடுங்கியது. குருபிரசாத் பதறிப்போய் அனந்தராமனைக் கூப்பிட்டு, ஹெட்போனை போனருகில் பிடித்தார்.

“என்ன சார் இது?”

அனந்தராமன் நெடுநேரம் கேட்டார். அவருடைய புகழ்பெற்ற காது வேலை செய்தது. “லேடி வாய்ஸ். ராகம் சஹானா மாதிரி இருக்கு. நடுவுல ஒரு குக்கர் விசில். நிச்சயமா ரேடியோதான்.”

“நன்னா பாடறாளோ?”

“நாம அதைக் கேட்கப்படாது சார். இப்போ அது நோய்ஸ்.”

குருபிரசாத் ஆலிஸுக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். ‘மேடம், தயவுசெய்து ரேடியோவை அணைக்கவும். இங்கே நீரஜா பாடப் போகிறாள்.’

பதில் வந்தது. ‘ரெண்டே நிமிஷம் சார். முடியப்போகுது.’

சொன்னபடியே முடிந்தது. அமைதி திரும்பியது. குருபிரசாத் பதிவை நிறுத்திவிட்டு, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் குரல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்தார். அடித்தது, இழுத்தது, கார்வை கொடுத்து நின்றது என்று ஒவ்வோர் இடமாகத் தேடி, வேரோடு களைந்தார். அவர் வாழ்நாளில் ஒரு பாட்டின் மேல் இவ்வளவு நேரம் செலவழித்தது அதுதான் முதல் தடவை. மிச்சமிருந்த அமைதிக்கு ஃப்ளாக் வடிவம் தந்து, பாடியவர் என்ற இடத்தில் ‘நீரஜா குருபிரசாத்’ என்று எழுதி, மூலவரில் சேர்த்தார்.

வாசல் கதவு திறந்தது. நீரஜா நின்றிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கையில் ஆலிஸ் கொடுத்த கேக்.

“நீ உள்ள இல்லையா?” என்றார் குருபிரசாத்.

“கீழ ஆலிஸாத்து அடுக்களைல இருந்தேன். அங்கேயே பாடினேன், என் போன்லயே. சபாவுக்கு அனுப்பியாச்சு. படி ஏறி வரதுக்குள்ள செக்ரட்டரி போன் பண்ணிட்டார். குரல்ல உசிர் இருக்காம். ஏன்னா, டிசம்பர்ல எனக்குக் கச்சேரி குடுத்துட்டார்!” சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. “கேக்கறேளா? போட்டுக் காட்டட்டுமா?”

“அதெல்லாம் அப்புறம். முதல்ல இதைக் கேளு.” ஹெட்போனைக் கழற்றி, மனைவியின் காதில் தன் கையாலேயே மாட்டினார்.

நீரஜா கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

“ஒண்ணுமே இல்லையேன்னா.”

“அதான்!” குருபிரசாத்தின் முகம் பூரித்துப்போயிற்று. “இப்படி ஒரு சுத்தத்தைச் சங்கத்துலயே யாரும் எட்டினதில்லை. நடுவுல யாரோ ஒரு பொம்மனாட்டி உசிரைக் குடுத்துப் பாடிண்டிருந்தா. தடயமே இல்லாம எடுத்துட்டேன்.”